குசினியில் ஒரு பக்குவம்

பெரியோர்களே, தாய்மார்களே, அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! அடுப்பில் பால் இருந்தால் இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். (சிரிப்பு)

‘நம் வீட்டு அடுப்பங்கரையில் மணப்பது தாய்மொழியா, வந்த மொழியா?’ இதுதான் இன்றைய தலைப்பு. ஆறு பேரும் பேசிவிட்டார்கள். பேசினார்கள் என்றா சொன்னேன்? தாளித்துவிட்டார்கள்! தாய்மொழி அணித் தலைவர் என்ன சொன்னார்? ‘பக்குவம், பாகம், பதார்த்தம் எல்லாம் வடசொல். அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எறியுங்கள்’ என்றார். வந்த மொழி அணிக்குப் பேச வந்த அம்மையார் சும்மா விட்டாரா? ‘நளபாகம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் உங்கள் சமையலைப் பாராட்டச் சொல் ஏது?’ என்று ஒரு போடு போட்டார். இரண்டு பேரும் மோதிக்கொண்டது ஒரே ஒரு சொல்லின் மேல்தான். பக்குவம்! அதனால் தீர்ப்புக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்வர உங்களிடம் அனுமதி கேட்கிறேன். அது எங்கே பிறந்தது, அதற்கு யார் யார் உறவு, நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். தாய்மொழி அணித் தலைவர் இன்றைக்குச் சொன்னதை நான் 1996லேயே சொல்லிவிட்டேன். எங்கே தெரியுமா? எங்கள் அம்மாவிடம்.

எனக்கு ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் போனீர்களானால் ஒரு பாறை மலை கண்ணில் படும். மேலே சிவன் கோயில். அதே மலையில் பழங்காலத்து மனிதன் பாறையில் செதுக்கிவைத்த உருவங்களும் உண்டு. அந்த மலையடிவாரத்துப் பையன் நான். 1996இல் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். புதுப் பட்டம், புதுச் சட்டை. யாரைப் பார்த்தாலும் திருத்த வேண்டும் என்று கை பரபரக்கிற வயசு. (சிரிப்பு)

எங்கள் பக்கத்தில் நோன்புக்கு அதிரசம்தான் முக்கியம். அம்மா வெல்லத்தைக் காய்ச்சிப் பாகெடுத்து, இடித்த பச்சரிசி மாவைக் கொட்டிக் கிளறி, பானையில் எடுத்து வைத்துத் துணி கட்டியிருக்கிறார்கள். நான் போய், ‘இன்னிக்கே ரெண்டு சுட்டுக் குடும்மா’ என்றேன்.

‘மாவு இன்னும் பக்குவப்படலடா. ரெண்டு நாள் போவட்டும்.’

போதாதா எனக்கு? ‘அம்மா, பக்குவம் தமிழ் இல்லை. பதம்னு சொல்லு’ என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ‘பதம் வேறடா, பக்குவம் வேற. பாகு காயுது பாரு, ஒரு சொட்டு தண்ணியில விட்டா திரளுது பாரு, அது பதம். அந்த நேரத்துல எறக்கணும், தவறுனா போச்சு. மாவு பானைக்குள்ள ரெண்டு மூணு நாளு கெடந்து தானா ஒண்ணு சேருது பாரு, அது பக்குவம்’ என்றார்கள்.

நான் விடவில்லை. ‘எல்லாத்துக்கும் பதமே போதும்மா’ என்றேன். அந்தச் சமயத்தில் என் அக்கா தலைப்பிரசவம் முடிந்து உள்ளே படுத்திருக்கிறாள். அம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்கள்: ‘நேத்து அருவாமணை ஒங்கொப்பன் கைய பதம் பாத்துடுச்சு. இன்னா ஆச்சு? ரத்தம் வந்துச்சு. புள்ளை பெத்தவளுக்கு நான் பக்குவம் பாக்கட்டுமா, பதம் பாக்கட்டுமா?’ (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

முனைவர் பட்டத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அய்யா, சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மா சொன்னதில் எத்தனை நுட்பம் இருக்கிறது! பதம் என்பது பொருளின் நிலை, ஒரு கணத்தில் கண்டுபிடிப்பது. பக்குவம் காலம் எடுத்துக்கொண்டு உள்ளிருந்து கனிவது. பாகுக்குப் பதம், மாவுக்குப் பக்குவம். ஊறுகாய்க்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மனிதனுக்கும் பக்குவம். இந்தப் ‘பதம்’ நம் சொல்தான். திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டார்கள். சோறு, பாகு இவற்றுக்குச் சொல்கிற பதம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘சொல்’ என்ற பொருளில் புலவர்கள் எழுதுகிற பதம் இருக்கிறதே, அது வடமொழியிலிருந்து வந்த வேறு ஆள். ஒலி ஒன்று, ஆள் இரண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலும் இப்படிச் சில ஏமாற்றுக்காரர்கள் வரப் போகிறார்கள்.

சரி, பக்குவத்துக்கு வருவோம். வடமொழியில் ‘பச்’ என்று ஒரு வினைவேர். பாணினியின் வேர்ப் பட்டியலில் அதற்குக் கொடுத்திருக்கிற பொருள் ‘பாகம்’. அதாவது சமைத்தல். ‘பசதி’ என்றால் சமைக்கிறான். சமைத்தாகிவிட்டதென்றால் அது ‘பக்வம்’. நம் வாயில் ‘க்வ’ சுலபமாக வராது. நடுவில் ஓர் உகரத்தைப் போட்டுப் பக்குவம் ஆக்கிக்கொண்டோம்.

ஆனால் சமைத்தல் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழம் பழுப்பதும் ‘பச்’தான். சூளையில் செங்கல் வேகிறதே, அதுவும் ‘பச்’தான். வயிற்றுக்குள் சோறு செரிக்கிறதே, அதுவும் அதேதான்! ஆயுர்வேதத்தில் செரிமானத்தைப் பார்த்துக்கொள்கிற பித்தத்துக்குப் ‘பாசக பித்தம்’ என்று பெயர். அடுப்புத் தீ வெளியே, வெயில் மரத்தில், பித்தம் வயிற்றில். மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன, பச்சையாக இருந்ததைக் கனிய வைக்கின்றன. அப்படிப் பார்த்திருக்கிறார்கள் பழைய ஆட்கள்.

அதனால்தான் அந்தச் சொல் பானையை விட்டு வெளியே வந்தது. கவிதைக்குப் போனது. வாயில் போட்டதும் இனிக்கிற கவிதை திராட்சா பாகம். உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்றால் நாரிகேள பாகம், அதாவது தேங்காய். (நம் புலவர்கள் சிலர் எழுதுவதற்கு என்ன பாகம் என்று நான் சொல்ல மாட்டேன். தேங்காயாவது உடையும்!) சமணத்துக்குப் போனது. வினை கனிந்து பயன் தருவதற்கு அங்கே விபாகம் என்று பெயர். சைவ சித்தாந்தத்துக்கும் வந்தது. உயிரை மறைத்திருக்கிற மலம் நீங்குவதற்கு ஏற்ற நிலை அடைவதை ‘மலபரிபாகம்’ என்கிறார்கள். அதிரசமாவு பானைக்குள் கிடந்த மாதிரி உயிரும் கிடந்து பக்குவப்படுகிறதாம். எங்கள் அம்மா சித்தாந்தம் படித்தவர்கள் இல்லை. படித்திருந்தால் வகுப்பு எடுத்திருப்பார்கள்.

இந்த ‘பச்’சை வைத்துக்கொண்டு வடமொழி இலக்கணக்காரர்கள் ஆடின ஆட்டம் இருக்கிறதே! பதஞ்சலி என்று ஒருவர், ஏறக்குறைய 2100 ஆண்டுகளுக்கு முன்னால் மாபாடியம் எழுதியவர். ‘சமைக்கிறான்’ என்றால் என்ன வேலை என்று அவர் யோசிக்கிறார். பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், அரிசி போட வேண்டும், விறகு தள்ள வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் தேவதத்தன் சமைக்கிறான் என்று சொல்லலாம். அதோடு விட்டாரா? பானையும் சமைக்கிறது என்கிறார். இந்தப் பானை ஒரு மரக்கால் சமைக்கும் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. அரிசியை வாங்கித் தாங்கிக்கொள்கிறதே, அது பானையின் சமையல். விறகும் சமைக்கிறது. எரிந்து போகிறதே, அதுதான் விறகின் சமையல்!

இதில் எனக்கு ஒரே ஒரு குறைதான். வடமொழி இலக்கணப் பாடத்தில் பார்த்தால் தேவதத்தன்தான் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சோறு சமைத்துக்கொண்டே இருக்கிறான். இலக்கணத்தை விட்டு வெளியே வந்து எந்த வீட்டில் தேவதத்தன் சமைத்தான்? சமைத்தது தேவதத்தன் பெண்டாட்டி! (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) பானைக்கும் விறகுக்கும்கூடக் கணக்கு வைத்த இலக்கணக்காரர் அந்த அம்மாவுக்கு ஒரு எடுத்துக்காட்டு கொடுத்திருக்கலாம்.

இப்போது உறவுக்காரர்களைப் பார்ப்போம். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி ஒரு பேச்சுப் பேசினார். வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து அதை உறுதி செய்தார்கள். சும்மா காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது என்று சொன்னால் அது மொழியியல் இல்லை, ஜோசியம். ஒழுங்காக, ஒரே விதியின்படி மாறியிருக்க வேண்டும்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஐந்து என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் பஞ்ச. கிரேக்கத்தில் பெந்தெ. லத்தீனில் க்வின்க்வெ. லத்தீன்காரன் மட்டும் ஏன் ‘ப’வை விட்டுவிட்டு ‘க்வ’ என்கிறான்? மூலச் சொல்லில் முன்னால் ‘ப’வும் பின்னால் ‘க்வ’வும் இருந்தன. பின்னால் வருகிற ஒலியைப் பார்த்து முன்னால் இருக்கிற ஒலியும் அதுபோலவே மாறிவிட்டது. நம் வீட்டுக் குழந்தை ‘பாட்டி’யை ‘டாட்டி’ என்று கூப்பிடுகிறதே, அதே கதை. இப்போது சமையலை எடுங்கள். வடமொழியில் பச். கிரேக்கத்தில் பெப். லத்தீனில்? ‘ப’ போய் ‘க’ வரவேண்டும் அல்லவா? வந்துவிட்டது, ‘கோக்வெரெ’! ஐந்துக்கு எந்த விதியோ அதே விதிதான் அடுப்புக்கும். மூலச் சொல் ‘பெக்வ்’ என்பதுபோல இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதைத்தான் ரத்த உறவு என்கிறோம்.

கிரேக்கத்துப் ‘பெப்’புக்கும் அதே மூன்று பொருள்தான், சமைத்தல், பழுத்தல், செரித்தல். டாக்டர் ‘பெப்டிக் அல்சர்’ என்று எழுதிக் கொடுக்கிறாரே, அந்தப் பெப்டிக் இதுதான். கடையில் ‘பெப்சி’ வாங்கிக் குடிக்கிறீர்களே, அமெரிக்காவில் ஒரு மருந்துக் கடைக்காரர் 1898இல் அந்தப் பெயரை வைத்தார். அசீரணத்தைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. நம் பாசக பித்தத்துக்கும் பெப்சி பாட்டிலுக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி! (சிரிப்பு)

லத்தீன் வீட்டில் இன்னும் கூட்டம். இரண்டு தடவை வேகவைத்தது ‘பிஸ் கோக்துஸ்’, அதுதான் பிஸ்கட். முன்னாலேயே பழுத்துவிடுகிற பழத்துக்கு ஒரு பெயர் வைத்தான் ரோமன். அதைக் கிரேக்கன் வாங்கினான், அரபிக்காரன் வாங்கி முன்னால் ஒரு ‘அல்’ சேர்த்தான், அது ஐரோப்பாவுக்கே திரும்பிப் போய் ஆப்ரிகாட் ஆனது. சமையல்காரன் ‘கோக்வுஸ்’, அவன்தான் குக். அவன் வேலை செய்கிற இடம் கிச்சன். ரஷ்யாக்காரனுக்கு அடுப்பும் ‘பேச்’, அடுப்பில் சுடுவதும் ‘பேச்’. பாரசீகத்தில் ‘புக்த்’ என்றால் வெந்தது. மூடி போட்டு மாவால் அடைத்து ஆவியிலேயே வேகவைக்கிற சமையலுக்குத் ‘தம் புக்த்’ என்று பெயர். தம் என்றால் மூச்சு. நீங்கள் ஆம்பூரில் நிறுத்தித் தம் பிரியாணி சாப்பிட்டால் அந்தத் தம்முக்குப் பின்னால் ஒரு ‘பச்’ ஒளிந்திருக்கிறது.

வந்த மொழி அணி நண்பர் ஒருவர் ‘பேக்கரியும் அதே வேர்தான்’ என்று ஆவேசமாகச் சொன்னார். மன்னிக்க வேண்டும், அது வேறு வேர். பக்கத்து வீட்டுக்காரர் ஜாடை, அவ்வளவுதான்.

ஜாடை ஏமாற்றும் அய்யா! இந்தப் பக்கத்திலும் பாருங்கள். ‘பச்’ என்றால் சமைப்பது என்றேன். நம் தமிழில் ‘பச்சை’ என்றால் என்ன? சமைக்காதது! பச்சைக் காய்கறி, பச்சைத் தண்ணீர், பச்சரிசி. ஒலி அதே, பொருள் நேர் எதிர். ஏன்? இது வேறு குடும்பம். பசுமை, பச்சை, பயிர் பச்சை, அந்தப் பச்சை. ‘பசி’யும் நம் சொல்தான், அந்தப் பச்சுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘தேவதத்தன் பசதி’ என்றால் வடமொழியில் அவன் சமைக்கிறான். தமிழன் காதில் எப்படி விழும்? பாவம், தேவதத்தனுக்குப் பசிக்கிறது! (சிரிப்பு)

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்றைய வழக்குக்கு இதுதான் முக்கியமான சாட்சி. பக்குவம் வந்தது, பாகம் வந்தது. ஆனால் ‘பச்’ என்ற வினை தமிழ் அடுப்பங்கரைக்கு வரவே இல்லை. யாராவது ‘சோறு பசித்தேன்’ என்று சொல்கிறோமா? அந்த நாற்காலியில் ஏற்கனவே வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் அவர்கள்? ‘அடு’ என்று ஒருவர். சங்கப் பாட்டிலேயே சமைக்கிறவர். அடுப்பு, அடுக்களை, அடிசில், அட்டில் எல்லாம் அவர் பிள்ளைகள். ‘மடை’ என்று ஒருவர். கோயிலில் மடைப்பள்ளி இருக்கிறதே, அது அவர் வீடு. மடையன் என்றாலே சமையல்காரன்தான். அடுத்த முறை உங்கள் வீட்டு அம்மா உங்களை ‘மடையா’ என்று கூப்பிட்டால் கோபிக்காதீர்கள், சமைக்க அழைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். (பலத்த சிரிப்பு)

அப்புறம் சமை. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சமைத்தல் என்றால் வெறும் ஆக்குதல் இல்லை. ஒன்றை அதற்குரிய நிலைக்குக் கொண்டுவருதல், தயாராக்குதல். கவிதை சமைக்கலாம், உலகம் சமைக்கலாம். ஒரு பெண் பெரியவளானால் எங்கள் ஊர்ப் பக்கம் என்ன சொல்வார்கள்? ‘சமஞ்சிட்டா’ என்பார்கள். சோறு ஆவதற்கும் பெண் ஆளாவதற்கும் ஒரே சொல்! அங்கே வடமொழிக்காரனும் கிரேக்கனும் சமைப்பதையும் பழுப்பதையும் ஒரே வேரில் வைத்தார்கள். இங்கே தமிழன் யாரையும் கேட்காமல் தன் வேரில் அதே எண்ணத்தை வைத்திருக்கிறான். தீ மூட்டிப் பானை வைத்துக் காத்திருந்த மனிதன் எந்த மொழிக்காரனாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

இந்த இடத்தில்தான் நம் பேச்சாளர்கள் இரண்டு பக்கமும் சறுக்கினார்கள். உறவுச் சொல் வேறு, வந்த சொல் வேறு. பச்சும் கோக்வெரெயும் உறவு, ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பக்குவத்துக்கும் தமிழுக்கும் அப்படி இல்லை. தமிழ் அந்தக் குடும்பமே இல்லை. சென்னையில் இருந்த எல்லிஸ் 1816இலேயே அதை எடுத்துச் சொன்னார். கால்டுவெல் 1856இல் விரிவாக நிறுவினார். ஆகவே பக்குவம் நம் வீட்டில் பிறந்த பெண் இல்லை, வந்து வாழ்கிற மருமகள். ‘பக்குவம் தமிழே’ என்று சாதிக்க வேண்டியதில்லை. ‘பக்குவம் வந்ததால் தமிழ் வடமொழியின் பிள்ளை’ என்று சொன்னீர்களே, அதுவும் ஆகாது. மருமகள் வந்தாள் என்பதற்காக மாமியாரின் அப்பா பெயரை மாற்றுவீர்களா?

‘வந்த சொல் இருந்தால் அவமானம்’ என்று குரல் உயர்த்திய தம்பிக்கு ஒரு செய்தி. இங்கிலீஷ்காரனுடைய குக்கும் கிச்சனும் அவன் தாய்மொழிச் சொல் இல்லை. இரண்டுமே லத்தீனிலிருந்து வாங்கினது. நாம் ‘கிச்சன்’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது அவன் கடன் வாங்கினதை நாம் மறுபடி கடன் வாங்கினது!

இனி என் ஊர்க்கதை. எங்கள் வீட்டில் ஓர் ஆயா இருந்தார்கள், அப்பாவைப் பெற்றவர்கள். பாண்டிச்சேரிப் பக்கத்தில் பிறந்து பெருமுக்கலுக்கு வாழ வந்தவர்கள். ஊரே அடுப்பங்கரை என்று சொன்னால் ஆயா மட்டும் ‘குசினி’ என்பார்கள். ‘குசினியில பூனை போவுது பாரு’ என்றுதான் எங்களை விரட்டுவார்கள். சின்ன வயசில் அது ஆயாவின் ஊர்ப் பேச்சு என்று நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அது போர்ச்சுகீசியரின் ‘கொசிஞ்ஞா’. சமையலறை! லத்தீன் வழியாக வந்தது, கோக்வெரெ வீட்டுப் பெண். பிரெஞ்சுக்காரனின் ‘குயிசீன்’ அதற்குத் தங்கை. இலங்கைத் தமிழர் வீடுகளிலும் குசினி என்றுதான் சொல்வார்கள்.

கப்பல் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தது. அந்தக் கப்பல்காரர்களின் சொற்கள் சன்னல், சாவி, அலமாரி என்று வீடு வீடாக நுழைந்தன. எங்கள் மலையும் பறங்கியரைப் பார்த்த மலைதான். அதன் மேலே ஒரு கோட்டை இருந்தது. 1760இல் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடித்தார். ‘பெர்மகோயில்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள் எங்கள் ஊரை. கோட்டை போனது, பீரங்கி போனது. குசினி மட்டும் எங்கள் ஆயா வாயில் தங்கிவிட்டது.

இப்போது அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மண் அடுப்பு. எங்கள் அம்மா அதிரசம் சுடுகிறார்கள். திண்ணையிலிருந்து ஆயா சத்தம் போடுகிறார்கள்: ‘குசினியில யாரு? எண்ணெ காயுது, பக்குவமா எறக்கு!’ ஒரே வாக்கியம். குசினி ஒரு சொல், பக்குவம் ஒரு சொல். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் பிரிந்துபோன அக்காள் தங்கை பிள்ளைகள். ஒன்று வடக்கேயிருந்து ஏட்டிலும் கோயிலிலும் நடந்து வந்தது. மற்றொன்று ரோமாபுரி போய், லிஸ்பன் போய், கடல் தாண்டி வந்தது. இரண்டும் பெருமுக்கலில் ஒரு மண் அடுப்புக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல், எங்கள் ஆயா வாயில் உட்கார்ந்திருந்தன! (நீண்ட கைதட்டல்)

அதே வாக்கியத்தில் மீதியைப் பார்த்தீர்களா? யாரு, எண்ணெய், காயுது, எறக்கு. எல்லாம் நம்முடையது. வேலை செய்கிற சொல் அத்தனையும் தமிழ். இன்றைக்கும் பாருங்கள். களைகிறோம், ஊறவைக்கிறோம், அரைக்கிறோம், இடிக்கிறோம், அவிக்கிறோம், புழுக்குகிறோம், வறுக்கிறோம், பொரிக்கிறோம், வதக்குகிறோம், தாளிக்கிறோம், கிண்டுகிறோம், வடிக்கிறோம், கடைகிறோம், மசிக்கிறோம். கிச்சன் என்று சொல்லுங்கள், குக்கர் என்று சொல்லுங்கள், பாத்திரம் என்று சொல்லுங்கள். பெயரில் வந்தவர்கள் நிறைய. வினைக்கு வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள்தான் கை நனைக்கிறார்கள். இப்போது சிலர் ‘ஃப்ரை பண்ணி, மிக்ஸ் பண்ணி, கட் பண்ணி’ என்கிறார்கள். என் கவலை அங்கேதான். பக்குவம் போகட்டும் என்று கத்துகிற தம்பி, ‘வதக்கு’ போய்க்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. வந்த சொல் இருப்பதால் ஒரு மொழிக்கு ஒன்றும் ஆகாது. அம்மா பதத்தையும் வைத்துக்கொண்டார்கள், பக்குவத்தையும் வைத்துக்கொண்டார்கள். இருந்த சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘பண்ணி’யை வைத்தால்தான் ஒரு பொருள் குறைகிறது. வறுப்பதற்கும் பொரிப்பதற்கும் வதக்குவதற்கும் மூன்று சொல் இருந்த இடத்தில் ஒரே ஒரு ‘ஃப்ரை’ நின்றால் சமையல் தெரியாத மருமகனுக்கு என்ன புரியும்?

ஆகவே அடுப்பங்கரையில் மணப்பது தாய்மொழியே என்று தீர்ப்பளிக்கிறேன். (கைதட்டல்) பொறுங்கள், பொறுங்கள், இன்னும் முடியவில்லை. பக்குவத்தைப் பொறுக்கி எறிய வேண்டும் என்ற தாய்மொழி அணியின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்கிறேன். அதை நான் 1996லேயே முயன்று தோற்றுவிட்டேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது உட்கார்ந்து மாவு கிளற முடியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற அக்காள் மகள், அந்தத் தலைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளைதான், அங்கேயே அதிரசம் சுடுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். செல்போனில் படம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு அம்மா இங்கேயிருந்து சொல்லச் சொல்ல அவள் அங்கே சுடுகிறாள். ‘மாவு பக்குவமா இருந்துச்சாடீ? விரியாம வந்துச்சா?’ என்று அம்மா கேட்டார்கள். அவள் ஒன்றை எடுத்துக் காட்டி, ‘பக்காவா வந்துருக்கு ஆயா!’ என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பினார்கள். ‘பக்கான்னா இன்னாடா?’

‘பக்குவந்தாம்மா. இந்திக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்குது’ என்றேன்.